தேயிலை அலுவலக மேலாளர்களுக்கு ஓர் எம்.பி.ஏ. மாணவியின் திறந்த மடல்

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் தேயிலை ஃபேக்டரி, புரோக்கர் அலுவலகம், ஏற்றுமதி நிறுவனம் நடத்தும் மேலாளர்களுக்கு,

வணக்கம்.

கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படிக்கிறேன். சொந்த ஊர் கோத்தகிரி பக்கம். வீட்டில் சின்னதாக ஒரு தேயிலைத் தோட்டம் உண்டு. முதலாண்டு முடிந்ததும் கோடை விடுமுறையில் நாங்கள் ஏதாவது ஓர் அலுவலகத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். வகுப்பில் பலர் சென்னை, பெங்களூரு என்று தேடியபோது நான் குன்னூரைக் கேட்டு வாங்கினேன். 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிற ஊர். வணிகம் படிக்க இதைவிட நல்ல இடம் எது? இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

எனக்கு இடம் கொடுத்த அலுவலகத்தில் எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் என்னிடம் என்ன வேலை கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய இன்வாய்ஸ்களைத் தேதிவாரியாக அடுக்கினேன், எக்செல்லில் ஏற்றினேன், ஜெராக்ஸ் எடுத்தேன். கடைசியில் போன வருட மாணவரின் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, "இதே மாதிரி எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார் மேலாளர். வேறு அலுவலகங்களுக்குப் போன தோழிகளும் இதையேதான் சொன்னார்கள்.

ஒரே ஒரு நாள் வேறு மாதிரி இருந்தது. தேநீரைச் சுவைத்துத் தரம் சொல்லும் டேஸ்டர் ஒருவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நீள மேசையில் வரிசையாக வெள்ளைக் கோப்பைகளில் தேநீர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்த லாட்டின், அதாவது ஏலத்தில் ஒன்றாக விற்கும் தொகுப்பின், தூள். கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். பிறகு இரண்டு கோப்பைகளைக் காட்டி நிறத்தைப் பார்க்கச் சொன்னார். ஒன்று பளிச்சென்று செம்பழுப்பு, இன்னொன்று மங்கல். "இலை மூட்டையிலேயே சூடாயிடுச்சு, நேரத்துக்கு ஃபேக்டரிக்குப் போகல. இதுக்கு விலை குறையத்தான் செய்யும்" என்றார்.

எங்கள் வீட்டுக் கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான்கு, நாலரை கிலோ பச்சை இலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பச்சை இலை விலை, ஏலத்தில் தூள் போன சராசரியை வைத்து வருகிறது. இலை மையத்தில் எடை போட்டு அப்பா வாங்கி வரும் சீட்டில் எவ்வளவு விழும் என்பதை அந்த மேசையும் தீர்மானிக்கிறது. இரண்டு செமஸ்டர் வகுப்பில் இவ்வளவு தெளிவாக எதுவும் எனக்கு விளங்கியதில்லை.

அடுத்து வரும் மாணவருக்கு உண்மையான கேள்வி ஒன்றைக் கொடுங்கள். உங்கள் தூள் எந்தெந்த வாரம் விற்காமல் தங்கியது, ஏன்? எந்த கிரேடை யார் விடாமல் வாங்குகிறார்கள்? எந்த இலை மையத்திலிருந்து வண்டி வர அதிக நேரம் ஆகிறது? விவரமெல்லாம் உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கத்தான் ஆளில்லை. நாங்கள் பார்க்கிறோம். எங்கே தப்பு என்று சொல்ல உங்களில் ஒருவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். விலை விவரம் வெளியே போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. கல்லூரியோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். ரிப்போர்ட்டில் வாங்குபவர் பெயர்களை எடுத்துவிடலாம்.

அப்புறம், பணம். 2024-இல் ஒன்றிய அரசு பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைத் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய் என்று வைத்தார்கள். ஆனால் அது பெரிய நிறுவனங்களுக்கானது, எம்.பி.ஏ. முடித்தவர்களுக்கும் அப்போது கிடையாது. அவ்வளவு கேட்கவில்லை. மஞ்சூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ சீசன் நெரிசலில் தினமும் பஸ் ஏறி வருகிற பிள்ளைக்குப் பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுங்கள். வீட்டில் கையேந்தித்தான் பயிற்சிக்கு வர முடியும் என்றால், இலை விலையை நம்பிப் படிக்கிற பிள்ளைகள் வரவே மாட்டார்கள். இந்தத் தொழில் அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

கோடைக்கு முன் கல்லூரியிலிருந்து கடிதம் வரும். இடம் உண்டு என்று மட்டும் பதில் எழுதாமல், யார் வழிகாட்டி, என்ன வேலை என்று இரண்டு வரி சேர்த்து அனுப்புங்கள். என் ஜூனியர்களில் சிலர் குன்னூரைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

நன்றியுடன்,
கோத்தகிரியிலிருந்து ஒரு மாணவி