அஞ்சடியில் தொங்கும் வெப்பமானி

பெரிய துரை அவர்களுக்கும் தோட்ட நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். நம் தோட்டத்து மருந்தகத்தில் காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சுங்கை சிப்புட் டவுனில் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தாலும், மருமகள் இன்னும் உங்கள் தோட்டத்தில்தான் மருந்தடிக்கிறாள்.

ஆபீஸ் முன்வராந்தாவில், அந்த அஞ்சடியில், ஒரு வெப்பமானி தொங்குகிறது. வெயில் தாங்கவில்லை என்று போன மாதம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெண்கள் சொன்னதற்கு, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அதைத்தான் காட்டினாராம். "33 தானே? எப்பவும் உள்ளதுதானே?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 35 டிகிரிக்கு மேல் மூன்று நாள் நீடித்தால்தான் மலேசிய வானிலைத் துறையே முதல் எச்சரிக்கையைத் தருகிறது. அந்த 35ம் நிழலில், வானிலை நிலையத்து வெள்ளைப் பெட்டிக்குள் அளந்தது. பெட்டிக்குள் நின்று யாரும் மருந்தடிப்பதில்லை.

ரப்பர் பால் வெட்டிய பால்மரக் காலத்தில் இது இவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. விடியலில் வெட்டு, தலைக்கு மேல் நிழல். இப்போது மறுநடவுக் காட்டில் செம்பனைக் கன்று இடுப்பளவுதான். முழுக்கை, ஏப்ரன், கையுறை, முகக்கவசம், பூட்ஸ், முதுகில் 16 லிட்டர் டேங்க். உடம்புச் சூடு இறங்க வியர்வை காய வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் அது சொட்டுகிறது, காய்வதில்லை. சொட்டிய வியர்வையால் உப்பும் தண்ணீரும் போனதுதான் மிச்சம், சூடு அப்படியே உள்ளே நிற்கும்.

இதை அளக்க வழி இருக்கிறது. 1950களில் அமெரிக்க மரைன் படை வீரர்கள் பயிற்சியில் சுருண்டு விழுந்ததால் உருவான டபிள்யூ.பி.ஜி.டி அளவு அது; ஈரம், வெயில், காற்றின் சூடு மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும். மூன்று வெப்பமானிகள்: ஈரத்திரி சுற்றியது ஒன்று, 15 சென்டிமீட்டர் கறுப்புச் செப்புக் குண்டுக்குள் ஒன்று, வெறுமனே ஒன்று. வெயிலில், பத்துப் பங்கில் ஈரத்திரிக்கு 7 பங்கு, குண்டுக்கு 2, காற்றுக்கு 1. நம் நாட்டு வேலையிடப் பாதுகாப்புத் துறை 2016இல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த அளவைத்தான் எடுத்துக்கொள்கிறது.

பேரனின் பிங்பாங் பந்துக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து, உள்ளே வெப்பமானியைச் செருகி, காலை 11 மணிக்கு மறுநடவுக் காட்டோரம் கட்டிப் பார்த்தேன். (செப்புக் குண்டைவிடச் சின்னப் பந்து குறைத்தே காட்டும்.) பந்து 44. ஈரத்திரி 28. காற்று 33. அந்தப் பங்குக் கணக்கில் கூட்டினால் 31.7. "33ஐவிடக் குறைவாயிற்றே" என்று நீங்கள் சிரிக்கலாம். இது வேறு தராசு, துரை. இந்தத் தராசில் 32 ஆனாலே, வெயிலில் கடும் வேலை செய்பவருக்கு மணிக்கு 10 நிமிடம் நிழலில் ஓய்வு தரவேண்டும் என்று சிங்கப்பூர் 2023இல் விதி வைத்தது. 33 ஆனால் 15 நிமிடம்.

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். நீலச் சட்டையின் முதுகில் உப்பு வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது. சட்டைப் பொத்தானைப் பிடுங்கிக்கொண்டே, "ஐயா, நான் எங்கே இருக்கேன்?" என்று கேட்டாள். தண்ணீர் ஊற்றினோம், தெளிந்துவிட்டாள். பதிவேட்டில் நான் எழுதியது: "மயக்கம். காலையில் சாப்பிடவில்லை." ஆபீசும் அதைத்தான் எதிர்பார்த்தது. அவள் சாப்பிட்டாளா என்று நான் கேட்கவே இல்லை. லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு தினமும் அதே அளவு ஏற்றலாம் என்பது தெரிந்த கணக்கு. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து இறங்கும் தம்பிகளுக்கு இதை யார் பார்க்கிறார்கள்?

கருவி ஒன்று வாங்கி, வேலை நடக்கும் காட்டில் வையுங்கள். அளவு ஏறினால் நிழல் கொட்டகையும் ஓய்வும் கொடுங்கள். அந்த நேரத்துக்குச் சம்பளத்தை வெட்டாதீர்கள். டேங்க் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு உட்காரும் பத்து நிமிடமும் கையைக் கடிக்கும், உட்காரவே மாட்டார்கள்.

வரும் திங்கள் 11 மணிக்கு மறுநடவுக் காட்டுக்கு வாருங்கள். பந்தை நான் கொண்டுவருகிறேன். அஞ்சடி வெப்பமானியையும் கழற்றி எடுத்து வாருங்கள், பக்கத்தில் கட்டுவோம்.

இப்படிக்கு,
முன்னாள் டிரெசர்