தடுப்பூசிச் சம்மதப் படிவம் – மாணவிகளின் பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோருக்கு, வணக்கம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கான சம்மதப் படிவங்களில் பாதிக்கு மேல் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்திருக்கின்றன. ஒன்றின் பின்பக்கம் பென்சிலில், “இது மரபணு ஊசியாமே டீச்சர், பிள்ளைக்கு நாளைக்குக் குழந்தை பிறக்காதாமே?” என்று எழுதியிருந்தது. எழுதிய அம்மாவுக்கு நன்றி. மற்றவர்கள் மனசுக்குள் வைத்துக்கொண்டதை அவர் கேட்டுவிட்டார்.

மரபணு ஆராய்ச்சி நடந்தது உண்மைதான். ஆனால் ஆராய்ந்தது இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமியின் மரபணுவை, உங்கள் மகளுடையதை இல்லை. ஹெச்.பி.வி. என்ற இந்த வைரஸில் 200 வகைக்கு மேல் உண்டு. பெரும்பாலானவை தொல்லை தராதவை. ஜெர்மனியின் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் புற்றுக்கட்டியிலிருந்து 1983இல் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் பிரித்துக் காட்டினார். நூற்றில் சுமார் 70 கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இவை இரண்டுமே காரணம். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எதிரி யாரென்று தெரிந்த பிறகுதான் ஊசியே வந்தது.

அந்த 16ஆம் வகையிலும் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. 5,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் எடுத்த மாதிரிகளை ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளியானது. வைரஸின் இ7 என்ற மரபணு மட்டும், புற்று வந்தவர்களிடம் அநேகமாக மாறாமலே இருந்ததாம். செல் கட்டுப்பாடின்றிப் பெருகுவதைத் தடுக்கும் நம் உடலின் புரதத்தை முடக்குவது அதுதான். விலங்கியல் ஆசிரியையான எனக்கு இதைப் பற்றி இன்னும் எழுத ஆசை; விட்டுவிடுகிறேன்.

ஊசியில் இருப்பது வைரஸின் மேலோட்டுப் புரதம் மட்டுமே. உள்ளே மரபணு கிடையாது. அதனால் நோய் தொற்றாது, மகளின் மரபணு மாறாது, பிள்ளைப்பேறும் கெடாது.

“சின்னப் பிள்ளைக்கு இப்போதே எதற்கு?” என்று சில அப்பாக்கள் கேட்டார்கள். இது தாம்பத்திய உறவில் பரவும் கிருமி. தொற்றும் முன்பே போட்டால்தான் முழுப் பலன். அதனால்தான் 9 முதல் 14 வயது. பிள்ளையின் நடத்தைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அம்மாக்களே, 30 வயது தாண்டியவர்கள் நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாகிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை. திண்டுக்கல் மாவட்டத்தில் இந்தச் சோதனையால் இப்புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் வெளியான ஆய்வு சொல்கிறது. காப்பிப் பழம் பறிக்கும் சமயத்தில் ஒரு நாள் கூலி போகுமே என்று தள்ளிப்போடாதீர்கள்.

வரும் சனிக்கிழமை மாலை 3 மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் வருகிறார். அப்பாக்களும் வர வேண்டும். படிவத்தை அன்றே கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை,
ஏற்காடு