ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தளித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வாசகசாலை வழக்கம்போல் இயங்கியது. பொங்கல் கோலப் போட்டி நடந்தது. கண் பரிசோதனை முகாம் நடந்தது. ஊருணியைத் தூர்வாரக் கோரும் மனு மறுபடியும் கொடுக்கப்பட்டுள்ளது.

பேச்சுப் பலகைத் திட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேச்சு வராத பெரியவர்களும் குழந்தைகளும் எழுத்தையோ படத்தையோ தொட்டுக் காட்டித் தம் மனதைச் சொல்ல உதவும் அட்டைதான் பேச்சுப் பலகை. "செயலாளர் பொம்மைப் படம் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்" என்று வாசகசாலைத் திண்ணையில் பேசியது என் காதுக்கும் வந்தது.

பக்கவாதத்தால் பேச்சு பாதிக்கப்படுவது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு நாக்கும் உதடும் தளர்ந்து பேச்சு குழறும். நினைப்பு தெளிவாகவே இருக்கும். இவர்களுக்கு எழுத்துப் பலகை பயன்படும். வேறு சிலருக்குச் சொல்லே அகப்படாது, எழுத்தும் தடுமாறும். அவர்களுக்குப் படங்களும் 'ஆம்', 'இல்லை' என்ற கட்டங்களும் கைகொடுக்கலாம். யாருக்கு எது என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். சங்கம் அட்டை மட்டுமே தருகிறது.

247 எழுத்துக்கும் அட்டையில் இடம் ஏது என்று செயற்குழுவில் ஓர் அண்ணன் கேட்டார். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 கட்டம் போதும். 'ச்' தொட்டு 'ஆ' தொட்டால் 'சா'. இரு கையும் அசையாதவருக்கு நாம் வரிசை வரிசையாக விரலை நகர்த்த வேண்டும். தமக்கு வேண்டிய வரிசையில் அவர் கண் சிமிட்டுவார், பிறகு எழுத்தில் சிமிட்டுவார். 1985இல் குரலை இழந்த ஸ்டீபன் ஹாக்கிங் கணினி வழியே பேசியதும் ஏறக்குறைய இதே முறைதான். திரையில் சுட்டி தானே நகரும். வேண்டிய இடத்தில் முதலில் கையாலும், பின்னாளில் கன்னத்தசையாலும் அவர் நிறுத்துவார். திண்ணையில் இருப்பவர்கள் கவனிக்கவும்.

கடையில் விற்கும் படங்களில் ரொட்டியும் ஆப்பிளும்தான் இருந்தன. நாம் இடியாப்பம், மோர், சுக்குத் தண்ணீர், விபூதி எல்லாம் சேர்த்தோம்.

நம் ஊர் ஆச்சி ஒருவர் (வீட்டார் பெயர் வேண்டாம் என்றார்கள்) மாலையானால் இடக்கையை ஆட்டிக் குரலெழுப்புவார். தண்ணீர் கொடுப்பார்கள், விசிறுவார்கள், கழிவறைக்குத் தூக்கிப் போவார்கள். ஆச்சிக்குக் கோபம்தான் கூடும். பலகையை நீட்டியதும் ச், ஆ, வ், இ என்று நான்கு கட்டம் தொட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று உள்ளறைச் சாவிக்கொத்து யார் கைக்குப் போனது என்பதைத்தான் அத்தனை நாளும் கேட்டிருக்கிறார். மருமகள் இடுப்பிலிருந்த கொத்தை எடுத்துத் தலையணைக்கடியில் வைத்தார். ஆச்சி அடுத்து மோர்ப் படத்தைத் தொட்டு, உ, ப், ப், உ என்று குறையையும் சொல்லிவிட்டார்.

பலகை கொடுத்தால் குழந்தைகள் பேசவே முயல மாட்டார்கள் என்று ஓர் ஆட்சேபம் வந்தது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. பேச்சு சற்றுக் கூடிய குழந்தைகளும் உண்டு. எதிரில் இருப்பவர் காத்திருக்காததுதான் உண்மையான இடைஞ்சல். பலகை வைத்திருப்பவர் இரண்டு எழுத்து தொடுவதற்குள் நாம் மீதியைச் சொல்லிவிடுகிறோம். சில வீடுகளில் பலகை பீரோவுக்கு மேல் ஏறிவிட்டது.

இதற்கான பயிற்சி நாளுக்கு வருவதாகக் கையெழுத்திட்டவர்களில் பாதிப்பேரைக் காணோம். முகூர்த்த நாள் என்றார்கள். பணியாரம் போட்ட ஆண்டுவிழாவுக்கு மட்டும் நாற்காலி போதவில்லை. சந்தா பாக்கியும் அப்படியே நிற்கிறது. கோயிலுக்குப் புள்ளி வரியை நாள் தவறாமல் கட்டுகிறவர்கள் சங்கத்து ரசீதுப் புத்தகத்தைக் கண்டால் போன் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறுப்பினர்கள் வாட்ஸ்அப்பில் தவறாமல் கைகூப்புகிறார்கள். அதற்கு ரசீது போட வழியில்லை.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். சிறு பற்றாக்குறையை ஒருவர் தம் கைப்பணத்தால் சரிக்கட்டினார். தம் பெயர் வேண்டாம் என்பதால் அவர் இதை வாசிக்கும்போதும் சொல்லவில்லை. லேமினேஷன் பில்கள் என்னிடம் உள்ளன.

தலைவர், பொருளாளர், இடம் தந்த வீட்டார், ஒலிபெருக்கி தந்தவர் அனைவருக்கும் நன்றி.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. தொட்டால் குரலில் பேசும் 'ஆவாஸ்' என்ற செயலி சென்னையிலேயே உருவானது, தமிழிலும் உண்டு. அதைப் போட்டுத் தர ஒரு டேப்லெட்டாவது வேண்டும். சங்கம் கடன் வாங்காது, யாரையும் வற்புறுத்தாது. வரும் ஆண்டில் நம் உறுப்பினர் வீடுகளில் சில அறுபதாம் சாந்திகள் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். ஒரு தகவலுக்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறேன். ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் உள்ளது. கூட்டம் முடியும்வரை அவர் வாசலிலேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்