பன்னாட்டு மருத்துவ உதவிக் குழுக்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாழும் தமிழ்ச் செவிலியர் ஆசிரியை நான். எங்கள் எல்லைப்புறத்து மருத்துவமனைகளில் நோயாளி தமிழில் வலியைச் சொல்வார். வார்டில் பேச்சு மலையாளத்தில் நடக்கும். கேஸ் ஷீட் ஆங்கிலத்தில் எழுதப்படும். என்னிடம் படித்த பெண்களில் சிலர் இப்போது போரும் கொள்ளைநோயும் தாக்கிய நாடுகளுக்கு உங்கள் குழுக்களோடு செல்ல விரும்புகின்றனர். அவர்களை அனுப்பும் முன் உங்களிடம் வேண்டிக்கொள்வது இது: வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு செவிலியரையும், பணி நடக்கும் நாட்டின் செவிலியர் ஒருவரோடு சமப் பொறுப்பில் இணைத்து, முதல் வாரம் முழுவதும் இருவரும் சேர்ந்தே மருந்து கொடுக்கச் செய்யுங்கள்.

மொழி தெரியாத இடர்ப்பாட்டை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்; எண்களில் உள்ள ஆபத்துக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. இங்கே சர்க்கரை அளவு 180 என்றால் டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராம் என்று பொருள். இங்கிலாந்தில் பயின்ற செவிலியர் அதே அளவை லிட்டருக்கு 10 மில்லிமோல் என்று எழுதுவார். இந்தியாவில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட இன்சுலின் குப்பிகள் இன்றும் பரவலாக விற்பனையாகின்றன. பல நாடுகளில் 100 யூனிட் குப்பிதான் வழக்கம். 40 யூனிட் குப்பிக்கென்று கோடிட்ட ஊசியில், 100 யூனிட் குப்பியின் இன்சுலினை 20-ஆம் கோடு வரை இழுத்தால், நோயாளியின் உடலில் 20 யூனிட்டுக்குப் பதில் 50 யூனிட் இறங்கிவிடும். பல நாட்டு நன்கொடைகள் ஒரே அலமாரியில் வந்து சேரும் முகாமில், இரவுப் பணியில் களைத்திருப்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், இத்தகைய பிழை நேரக்கூடும். பாராசிட்டமாலை அமெரிக்கர் அசெட்டமினோஃபென் என்றும், அட்ரினலினை எபிநெஃப்ரின் என்றும் அழைப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அருகில் நின்று அளவை வாய்விட்டுச் சொல்லி, திரும்பச் சொல்லக் கேட்கும் இரண்டாவது செவிலியர்தான் இங்கே நம்பத்தக்க காவல். பணி மாறும்போது நோயாளிகளின் நிலையைச் சொல்லி அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நேரத்திலும் உள்ளூர்ச் செவிலியரே முதலில் பேச வேண்டும். நோயாளியின் மொழியும் குடும்பமும் அவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் மனவேதனையோடு சொல்கிறேன். 2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா 11,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, கியூபாவிலிருந்து 165 மருத்துவர்களும் செவிலியர்களும் சியரா லியோனுக்குச் சென்றனர். வேறு பல நாட்டவரும் துணிந்து சென்றனர். அவர்கள் எல்லோரையும் வணங்குகிறேன். ஆனால் நோய் தொற்றிய வெளிநாட்டுப் பணியாளர் பலர் தனி விமானத்தில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களோடு ஒரே வார்டில் உழைத்த அந்நாட்டுச் செவிலியர்களுக்கு அந்த வழி பெரும்பாலும் திறக்கவில்லை, அவர்களில் பலர் உயிரிழந்தனர். 2018 மே மாதம் நிபா வைரஸ் தாக்கியபோது, கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினியை இழந்த மாநிலம் எங்களுடையது. என்ன நோய் என்று தெரியும் முன்பே நோயாளியைத் தொட்டுப் பராமரிப்பது செவிலியர் என்பதை நாங்கள் அறிவோம்.

ஆகவே காப்புடை, காப்பீடு, நோயுற்றால் கிடைக்கும் சிகிச்சை ஆகியவை இரு தரப்புக்கும் ஒன்றே என்று பணி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வெளிநாட்டவரின் பணிக்காலம் சில மாதங்களில் முடிந்துவிடும். உள்ளூர்ச் செவிலியர் அங்கேயே இருந்து அதே நோயாளிகளை மறுபடியும் பார்ப்பார். மருந்து அட்டவணையை அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் அலகுகளில் அமைத்து, வருகிறவர்கள் அதைப் பழகிக்கொள்ளட்டும்.

எங்கள் தரப்பில், இறுதியாண்டுப் பயிற்சியில் அலகு மாற்றத்தையும் இருவர் சரிபார்ப்பையும் இந்த ஆண்டே சேர்க்க நான் முயல்வேன். அடுத்த குழுவைத் தேர்ந்தெடுக்கும் முன், ஒப்பந்தத்தில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்பதை விண்ணப்பிக்கும் எங்கள் பெண்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
சித்தூர் வட்டத்துச் செவிலியர் ஆசிரியை ஒருவர்