ஏற்காடு கோடை விழா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், தோட்டக்கலைத் துறையினருக்கும், கோடை விழாவுக்காக உழைக்கும் மற்ற எல்லாத் துறையினருக்கும் வணக்கம்.

அடுத்த விழாவுக்கான ஏற்பாடுகளைப் பேச நீங்கள் உட்காரும்போது இந்த மடலையும் ஒருமுறை படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சியில், ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் விளைந்தவற்றுக்கும் அவற்றை வளர்த்தவர்களுக்கும் நடு இடம் கொடுங்கள். கொய்மலர்களால் எழுப்பும் பெரிய உருவங்கள் அதற்கு அடுத்தபடியாக இருக்கட்டும்.

நான் சேலத்துக்காரி. மே மாதத்தில் ஊர் 40 டிகிரியில் கொதிக்கும்போது, நானும் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட இருக்கும் என் தோழியும் ஒரு நாளை இந்த விழாவுக்கென்று எடுத்து வைத்துவிடுவோம். வீட்டில் வேறு யாரையும் கூட்டிக்கொள்வதில்லை. காலை பஸ்ஸில் ஏறினால் அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை ஏறும்போதே ஜன்னலில் வரும் காற்று வேறாகிவிடும். மேலே போய் இறங்கும்போது முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் எடுத்து, அறைக்கு முன்பதிவு செய்து, விடுப்புச் சொல்லிப் புறப்பட வேண்டியவர்கள் உண்டு. எங்களைப் போல ஒரு நாள் கூலியையோ ஒரு நாள் விடுப்பையோ விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு ஏற்காடுதான் மலை. அந்த மலையில் ஒரு வாரம் திருவிழா நடத்தித் தருகிறீர்கள். அதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

இந்த மே மாதம் நாங்கள் போன அன்று காலையிலேயே நல்ல கூட்டம். ஏரியில் படகுக்கு நீண்ட வரிசை. வரிசையில் நிற்கிற பொழுதைப் பூவுக்குக் கொடுக்கலாம் என்று தோழி சொன்னாள். அவள் மொட்டை மாடியில் தொட்டி வைத்து வளர்ப்பவள். எந்தச் செடியைப் பார்த்தாலும் முதலில் மண்ணைத்தான் பார்ப்பாள், பிறகுதான் பூவை. பூங்காவுக்குள் கூட்டம் முழுக்க பெரிய பூ உருவங்களின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. குழந்தைகளின் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். அந்த உருவங்களைக் கட்டுகிறவர்கள் இரவெல்லாம் கண் விழித்து ஒவ்வொரு பூவாகச் செருகுகிறார்கள் என்பதும் தெரியும்.

ஆனால் அங்கிருந்து சற்று ஒதுங்கி, தொட்டிகளை அடுக்கி வைத்திருந்த பக்கம் போனால் ஆள் குறைவு. சால்வியா, பெட்டூனியா, ஜீனியா, பால்சம், ஒரு தட்டு அகலத்துக்கு விரிந்த டேலியா. எங்களுக்கு விழா அங்கேதான் தொடங்கியது. காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் தோழி கேட்டாள்:

"அக்கா, இதெல்லாம் இங்கயே வளர்த்ததா?"

"ஆமா கண்ணு. தை மாசம் நாத்து விட்டது. மழ வந்தா மூடோணும், வெயிலு வந்தா தெறக்கோணும். புள்ளயாட்டம்."

பிறகு அந்த அம்மா எங்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். எந்தத் தொட்டி முதலில் பூத்தது, எதற்கு முனை கிள்ளிவிட்டதால் கிளை அடர்ந்து வந்தது, டேலியாவுக்கு ஏன் முட்டுக்குச்சி வேண்டும் என்பதெல்லாம் சொன்னார். எதுவும் தோழிக்குத் தெரியாததில்லை. ஆனாலும் முதல் முறை கேட்பவள் போல நின்று கேட்டாள். மே மாதத்தில் விழா என்றால் அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே விதையை எண்ணிப் போட வேண்டும். கொஞ்சம் முந்தினால் விழாவுக்கு முன்பே உதிர்ந்துவிடும், பிந்தினால் மொட்டாகவே நிற்கும். விழா நடக்கும் அந்த வாரத்தில் ஆயிரக்கணக்கான தொட்டிகள் ஒரே நேரத்தில் மலர்ந்து நிற்பது சாதாரண வேலையா? இந்த வித்தையைப் பற்றி ஒரு வரி எழுதி அந்தத் தொட்டிகளின் முன்னால் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரு மரப்பலகை போதும். செடியின் பெயரைத் தமிழில் பெரிதாகவும், விதைத்த மாதத்தையும், பராமரித்தவரின் பெயரையும் அதில் எழுதுங்கள். கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தாலே உபயம் என்று பெயர் எழுதுகிற ஊர் நம்முடையது. நான்கு மாதம் நீரூற்றியவரின் பெயரை எழுத நமக்கு மனம் வராதா?

இனி அந்தப் பெரிய உருவங்களுக்கு வருகிறேன். கார்னேஷன், ஜெர்பரா, நீளக் காம்பு ரோஜா எல்லாம் பசுமைக்குடிலில் வளர்ந்து, வண்டியேறி மலைக்கு வருபவை. வேரில்லாத பூ எத்தனை நாள் தாங்கும்? விழாவின் கடைசி நாட்களில் வருகிறவர்களுக்கு வாடிய நிறம்தான் மிஞ்சும். பூவைவிட எனக்குப் பெரிய கவலை, இத்தகைய அலங்காரங்களில் பூவைச் செருகி வைக்க வழக்கமாகப் பயன்படுத்தும் பச்சை ஃபோம் கட்டி. ஈரத்தைப் பிடித்து வைக்கும், கையாள எளிது, உண்மைதான். ஆனால் அது பீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்த்துச் செய்த ஒரு வகைப் பிளாஸ்டிக். மட்காது. அழுத்தினால் பொடியாகும், அந்தப் பொடி மழைநீரோடு ஓடும். ஏரியை ஒட்டிய பூங்காவில் அது எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம், செல்சீ மலர்க் கண்காட்சி உட்பட தன் கண்காட்சிகள் எல்லாவற்றிலும் இந்த ஃபோமை 2021-இலிருந்து தடை செய்துவிட்டது. மலைக்கு வரும் நாங்கள் பிளாஸ்டிக் கவரைக் கொண்டு வரக்கூடாது என்றால் அது சரியான கட்டுப்பாடு, மதிக்கிறோம். கண்காட்சியின் உள்ளேயும் அதே கட்டுப்பாடு இருக்கட்டும்.

உருவமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பிச் சட்டத்துக்குள் உயிருள்ள செடிகளை வைத்து உருவம் செய்யலாம். கொய்மலர்தான் வேண்டுமென்றால் நம் மாவட்டத்துப் பூ இருக்கிறதே! பனமரத்துப்பட்டி அரளி வெளியூர்ச் சந்தைகளுக்கெல்லாம் போகிறது. சாமந்தியும் சம்பங்கியும் குண்டுமல்லியும் விடிவதற்குள் வ.உ.சி. மார்க்கெட்டில் குவிகின்றன. ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டுகிற ஊரில், நாரை வைத்துக்கொண்டே பூவில் எதையும் கட்டி எழுப்பத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களை மலைக்கு அழையுங்கள். மக்கள் கண்முன்னால் உட்கார்ந்து கட்டட்டும். வாடிய பின் அது அப்படியே எருக்குழிக்குப் போகலாம்.

மதியம் தட்டுவடை செட் சாப்பிட்டோம். மலை ஏறியும் நாக்கு சேலத்தை விடவில்லை. அதன் பிறகு நாய் கண்காட்சிக்குப் போனோம். கோடை விழாவில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஏன் என்று சொல்கிறேன். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும், பக்கத்திலேயே பெரிய வெளிநாட்டு இன நாய்களும் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் கயிற்றையும் பிடித்திருப்பவர் அதை வளர்த்தவர். மலைக் கிராமத்துப் பையன் ஒருவன் ஒரு செவலை நாட்டு நாயை நன்றாகக் குளிப்பாட்டிக் கூட்டி வந்திருந்தான். நடுவர் கிட்டே வந்ததும் நாயைவிட அவன்தான் அசையாமல் நின்றான். பரிசு வரவில்லை. கூட்டம் அவனுக்காகத் தட்டிய கைத்தட்டலில் தோழியின் சத்தம்தான் பெரிது. கொழு கொழு குழந்தைகள் போட்டியிலும் கோலப் போட்டியிலும் இதே உயிர் இருக்கிறது. வந்தவர் வேடிக்கை பார்ப்பவராக மட்டும் நின்றுவிடாமல், தன் கையால் வளர்த்ததையோ செய்ததையோ கொண்டுவந்து நிறுத்துகிறார்.

மலர்க் கண்காட்சியிலும் இதற்கு ஓர் ஓரம் ஒதுக்குங்கள். ஏற்காட்டு வீடுகளின் வாசலில் பழைய எண்ணெய் டின்னிலும் உடைந்த வாளியிலும் ஜெரேனியமும் ஹைட்ராஞ்சியாவும் பூத்துக் குலுங்குவதை நடந்து போகிற யாரும் பார்க்கலாம். உதகையில் வீட்டுத் தோட்டங்களுக்குப் போட்டி வைக்கும் வழக்கம் வெகுகாலமாக உண்டு. இங்கேயும் வீட்டுக்கு ஒரு தொட்டி என்று கேட்டுப் பாருங்கள், பூங்கா கொள்ளாது.

மலையில் விளைவது பூ மட்டுமில்லை. ஆட்சியர் அவர்களே, 1820களில் உங்களைப் போலச் சேலத்து ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர்தான் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். இரு நூற்றாண்டுகளாக இங்கே காபி இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டு பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாய்ப் பூத்து மல்லிகை மணம் வீசும். விழாவுக்கு வரும் சேலத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் காபிச் செடியின் காயைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்? காயிலிருந்து டம்ளர் வரை எப்படி வருகிறது என்று ஒரு பந்தலில் காட்டலாம். அங்கேயே வறுத்து, அங்கேயே அரைத்து, ஒரு டம்ளர் கையில் கொடுத்தால் அந்த வாசனையே கூட்டத்தை இழுத்து வந்துவிடும். பக்கத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி ஒன்று. மே மாதப் பலா. சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து வந்த, மலையாளி என்றழைக்கப்படும் இந்த மலைப் பழங்குடி மக்களின் தானியங்கள். இவற்றைத் துறை சார்ந்த அரங்கின் மூலையில் கண்ணாடிக் குடுவையில் அடைத்து வைக்காமல், விளைவித்தவர்களையே முன்னால் உட்கார வைத்துப் பேச விடுங்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதத்தில்தான். குகைக்குள் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட மலைக்கிராமங்களெல்லாம் திரளும் நாட்கள். அவர்கள் திருவிழாவும் நம் கோடை விழாவும் ஒரே மலையில் ஒன்றையொன்று அறியாமல் நடந்து முடிய வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் ஏற்காட்டில் இருக்கிறது. குடுவைபோல் இலை விட்டுப் பூச்சியைப் பிடிக்கும் மேகாலயத்துச் செடியை அங்கே பார்க்கலாம். வெர்னோனியா இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் இந்தச் சேர்வராயன் மலைக்கே உரியது. அதன் அறிவியல் பெயரிலேயே நம் மலையின் பெயர் இருக்கிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் மரம். நம் ஊரில் இருந்துகொண்டு இது எங்களுக்குத் தெரியாமலே இருந்தது. தோழிக்கு அதைப் பற்றி நான் சொன்னபோது, "அப்ப அதத்தானே டீ நுழைவாயில்ல வெக்கணும்?" என்றாள். ஒரே ஒரு நாற்று, பக்கத்தில் நான்கு வரி. மத்திய அரசு நிறுவனத்தோடு பேசி இதைச் செய்வது உங்களுக்குக் கடினமாக இருக்காது.

போக்குவரத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். விழா நாட்களில் ஏறும் வண்டிகளை அடிவாரம் வழியிலும் இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் வழியிலும் பிரித்து விடுவது நல்ல ஏற்பாடு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்த வழியாக என்பதைப் பூங்கா வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால், வயதானவர்களும் எங்களைப் போன்ற பெண்களும் மேடைக் கலைநிகழ்ச்சியில் ஒரு பாட்டாவது நிம்மதியாக உட்கார்ந்து கேட்போம்.

மாலையில் ஏரிக்கரையில் நின்றபோது தோழி கேட்ட கேள்வியை உங்களிடமே கேட்டுவிடுகிறேன். விழா முடிந்த மறுநாள் அந்தத் தொட்டிச் செடிகளெல்லாம் என்ன ஆகின்றன? சால்வியாவும் டேலியாவும் அதற்குப் பிறகும் பல வாரம் பூக்கும். டேலியாவின் கிழங்கை எடுத்து வைத்தால் அடுத்த பருவத்துக்கும் ஆகும். அவற்றில் ஒரு பங்கை மலைக் கிராமத்து அரசுப் பள்ளிகளுக்குக் கொடுங்கள். மீதியை, விழாவின் கடைசி நாள் மாலை, பூங்கா வாசலிலேயே மக்களுக்கு விற்பனைக்கு வையுங்கள். வரும் தொகை அந்தத் தோட்டத் தொழிலாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தால் இன்னும் மகிழ்ச்சி. எந்த நாள், என்ன விலை என்று ஒரு வாரம் முன்பே செய்தித்தாளில் சொல்லிவிடுங்கள். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு 20 வளைவுகளும் இறங்கி வர நாங்கள் இருவரும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கோடை விழாவுக்கு வரும் ஒரு சேலத்துக்காரி