முதலில் நிறுத்த வேண்டியது எந்த மாத்திரை?

ஆசிரியருக்கு,

முடக்குவாதத்துக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து எடுப்பவர்கள், வலி தணிந்ததும் பெரும்பாலும் முதலில் கைவிடுவது நோயையே அடக்கும் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைத்தான். 'அது கேன்சர் மருந்தாம்' என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். வலி மாத்திரையான டைக்ளோஃபினாக்கையும் ஸ்டீராய்டான பிரட்னிசோலோனையும் மட்டும் பழைய சீட்டைக் காட்டி வாங்கி விழுங்குவார்கள். வரிசையே தலைகீழ்.

மெத்தோட்ரெக்சேட்டை மூட்டுக்குத் தருவது வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். புற்றுநோய்க்கான அளவு வேறு. நோயை அடக்கி, எலும்பு அரிக்கப்படுவதைத் தடுப்பது இதுவே. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். நிறுத்தினாலும் மறுநாளே வலி வந்துவிடாது. 'விட்டும் நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று நினைக்க வைக்கும் அந்த இடைவெளிதான் ஆளைக் கவிழ்க்கிறது.

குறைக்கவே கூடாது என்பதில்லை. ஓராண்டாவது நோய் அடங்கியிருந்தவர்களிடம் நார்வேயில் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தை முழு அளவில் தொடர்ந்தவர்களில் 6 சதவீதம் பேருக்கும், பாதியாகக் குறைத்தவர்களில் 25 சதவீதம் பேருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. பாதி அளவிலேயே முக்கால்வாசிப் பேர் தாக்குப்பிடித்தார்கள் என்றும் இதைப் படிக்கலாம்.

ஆக, முதலில் போக வேண்டியது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் வலி மாத்திரை. அடுத்து ஸ்டீராய்டு. சில வாரங்களுக்கு மேல் எடுத்திருந்தால், உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலையை மறந்திருக்கும். சட்டென்று விட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு. மருத்துவர் சொல்லும் படிகளில்தான் இறங்க வேண்டும். ஸ்டீராய்டு இல்லாமலேயே 6 மாதமாவது நோய் அடங்கியிருந்தால், அப்புறம் மெத்தோட்ரெக்சேட்டைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் பேசலாம். கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள் மட்டும் இதற்கெல்லாம் காத்திராமல், சில மாதங்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லி மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்த வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட்டைத் தொடர்பவர்களுக்கு ரத்த அணுக்கள், கல்லீரலுக்கான எஸ்.ஜி.பி.டி., சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனை தொடக்கத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை அவசியம். டிரைமெத்தோபிரிம் கலந்த ஆன்டிபயாடிக் இதனோடு சேரவே கூடாது. ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும்.

மருந்துக்கடைக்காரர்களுக்கும் ஒன்று. மெத்தோட்ரெக்சேட்டும், அதனோடு தரும் வைட்டமினான ஃபோலிக் ஆசிடும் பல கம்பெனிகளில் சிறிய மஞ்சள் மாத்திரைகளே. வாரம் ஒருநாள் போட வேண்டியதைத் தினமும் போட்டுவிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாவது இந்தக் குழப்பத்தாலும்தான். அட்டையின் மேல் கிழமையைப் பேனாவால் எழுதிக் கொடுங்கள். அரை நிமிட வேலை.

மருந்தாளுநர்,
திருச்சி