தீபாவளி விடுமுறை: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

விடுமுறைத் தேதிகள் பிள்ளைகளிடம் கொடுத்த தாளில் உள்ளன. இந்தக் கடிதம் வேறு ஒன்றுக்காக.

போன வருடம் பள்ளி திறந்ததும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் தீபாவளி பற்றிக் கட்டுரை எழுதினார்கள். ஒரு சிறுமி இப்படி எழுதியிருந்தாள்: "அம்மா எங்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். பிறகு சோபாவில் தூங்கிவிட்டார். நாங்கள் டிவி சத்தத்தைக் குறைத்தோம்." எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை என்று காட்டத்தான் ஆசிரியர் அதை என்னிடம் கொண்டுவந்தார்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து, நள்ளிரவு தாண்டியும் முறுக்கு பிழியும் அம்மாக்கள் நம் பள்ளியில் பலர். ஏழு வகைப் பலகாரம் வேண்டாம், மூன்று போதும். மீதியை லிட்டில் இந்தியாவில் வாங்கிக்கொள்ளலாம். (என் மாமியார் இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார்.) அப்பாக்களே, அச்சைப் பிடித்துப் பிழிய உங்கள் கைக்கும் பலம் இருக்கிறது. புதுத் துணிக்காகக் கடன் வாங்காதீர்கள். வீட்டில் பணப் பேச்சு வந்தால் பிள்ளைகள் பக்கத்து அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்கிறார்கள், அப்புறம் எங்களிடம் வந்து சொல்கிறார்கள்.

தூக்கக் கலக்கத்தில் அடுப்படியில் நின்றால் எண்ணெய் தெறிக்கும். சுட்டுக்கொண்டால் பற்பசை, கிச்சாப் எதையும் தடவ வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ உடனே கிளினிக்.

ஊருக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் பூந்தொட்டித் தட்டு, வாளி, குளியலறைத் தொட்டி எல்லாவற்றையும் காலி செய்துவிடுங்கள். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். பூட்டிய வீடு அதற்கு நல்ல வசதி. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். டிங்கியாக இருந்தால் ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். இரண்டு நாளில் இறங்காவிட்டால் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். காய்ச்சல் இறங்கிய பிறகும் வயிற்றுவலியோ விடாத வாந்தியோ இருந்தால் நேராக மருத்துவமனைதான்.

ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். தீபாவளி இரவு விழித்திருக்கட்டும், சரி. ஆனால் பள்ளி திறப்பதற்கு மூன்று நாள் முன்பே கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, பழைய நேரத்துக்குப் படுக்க வையுங்கள். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ள தாத்தா பாட்டிகள் உறவினர் வீடு வீடாகப் போகும்போது மாத்திரையை மறந்துவிடுவார்கள். அதைப் பேரப்பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள், பெருமையோடு செய்வார்கள்.

வீட்டில் அண்மையில் இழப்பு நேர்ந்து, இந்த வருடம் தீபாவளி கொண்டாடாத குடும்பங்களும் இருக்கின்றன. மனம் தாங்கவில்லை என்றால் மலேசியச் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழைத்துப் பேசலாம். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அந்தப் பிள்ளையிடம் தீபாவளிக் கட்டுரை கேட்க மாட்டோம்.

கடைசியாக, ஆசிரியர் அறைக்குப் பலகாரம் கொடுத்தனுப்ப நினைப்பவர்களுக்கு: போன வருட முறுக்கு பொங்கல் வரை இருந்தது. வகுப்புக்கு ஒரு சின்ன டின் போதும்.

இனிய தீபாவளி வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்